டைரக்டரியில் இருக்கும் பெயர்

ஒரு பூட்டுக்காக இரண்டு மாதம் அலைந்தவள் நான். இரும்புப் பூட்டு இல்லை. கம்ப்யூட்டர் திரையின் அடிமூலையில் கடுகளவுக்குத் தெரியும் பூட்டுப் படம். தொண்ணூறுகளின் கடைசியில் இணையத்தில் ஒரு கடையைத் திறந்தால் அந்தப் பூட்டு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் வெளிநாட்டில் இருப்பவர்கள் கார்டு நம்பரைத் தட்ட மாட்டார்கள், பேசாமல் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு என் பிழைப்பே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாதா மாதம் சம்பளம் வந்துகொண்டிருந்த வேலையை, எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, விட்டுவிட்டு வந்திருந்தேன். மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் எங்கள் வீடு. அதன் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், அண்ணா பம்பாய்க்குப் போகும்போது விட்டுப்போன மேஜை. இதற்குப் பெயர் கம்பெனி. அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் நானும்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணா பேசுவான். "பொங்கல் வரைக்கும் பாரு. அதுக்கு மேல அடம் பிடிக்காதே. ஆத்தைக் காலி பண்ணிண்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கோ" என்பான். அம்மா போக மாட்டேன் என்று சொன்னதில்லை, போகிறேன் என்றும் சொன்னதில்லை. முப்பது வயதில் அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்க எனக்கு இஷ்டமில்லை.

இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். இட்லிக் கொப்பரை, காபி ஃபில்டர், குழிப்பணியாரக் கல் எல்லாவற்றையும் கடல் தாண்டி இருக்கும் தமிழர்களுக்கு இணையம் வழியாக விற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசையை மூட்டியது அமெரிக்காவில் இருந்த அவருடைய மச்சான். பூட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் புண்ணியவான்தான்.

"ஏம்மா, கீழ பூட்டு தெரியணுமாமே. பூட்டு இல்லாத கடையில அங்க ஒருத்தனும் வாங்க மாட்டானாம். வாங்கிடுவியா?"

"வாங்கிடலாம் சார். அதுக்கு ஒரு சர்டிஃபிகேட் வேணும்."

"யாரு குடுக்கறது, கார்ப்பரேஷனா?"

"வெளிநாட்டுல சில கம்பெனிங்க இருக்கு சார். நாம யாருன்னு விசாரிச்சு எழுதிக் குடுப்பாங்க."

"நான் நல்லவன்னு எழுதிக் குடுப்பானா?"

"இல்ல சார். நீங்க நீங்கதான்னு எழுதிக் குடுப்பான்."

அவர் கல்லாவில் சாய்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுக்கு அவன் எதுக்கும்மா? இந்த ரோட்டுல எவனை வேணாக் கேளு, சொல்லுவான்" என்றார். பிறகு, பொங்கலுக்குக் கடை திறந்தாக வேண்டும் என்றும், இல்லாவிட்டால் மச்சான் சொல்லும் அமெரிக்க ஆளிடமே வேலையைக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. எவர்சில்வர் டம்ளரின் விலையைச் சொல்வது மாதிரி சொன்னார்.

கடையை என் கம்பெனியின் இணைய முகவரியில்தான் ஏற்றுவதாக ஏற்பாடு. ஆகவே சான்றிதழும் என் கம்பெனி பெயரில் வர வேண்டும். இதில் கஷ்டமான பகுதி கணிதம் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் எங்கோ இருக்கும் சர்வரில் நுழைந்து ஒரு கட்டளை கொடுத்தால் இரண்டு சாவிகள் பிறக்கும். ஒன்று ரகசியம், சர்வரை விட்டு வெளியே போகக் கூடாது. இன்னொன்றை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். ஊருக்குக் கொடுத்த சாவியால் பூட்டியதை ரகசியச் சாவி மட்டும்தான் திறக்கும். அழகான ஏற்பாடு, ஒரு நாளும் என்னைப் படுத்தியதில்லை. படுத்தியதெல்லாம், ஊருக்குக் கொடுத்த அந்தச் சாவி என்னுடையதுதான் என்று யார் சொல்வது என்ற கேள்விதான். வழியில் எவனோ ஒருவன் உட்கார்ந்துகொண்டு, நான்தான் பாத்திரக் கடை, இந்தா என் சாவி என்று நீட்டினால், நியூ ஜெர்சியில் இருக்கும் மாமிக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் அந்தச் சான்றிதழ் கம்பெனிகள். அவர்கள் கேட்ட காகிதங்களின் நகல்களில் அரசு அதிகாரியின் சான்றொப்பம் வாங்க அடையாற்றுக்குப் போனபோதுதான் எனக்கே விஷயம் முழுசாகப் புரிந்தது. தெரிந்தவர் மூலம் கிடைத்த அதிகாரி ஓர் அரசுக் கால்நடை மருத்துவர். மேஜைமேல் யாருடைய பொமரேனியனோ நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு கையால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அவருக்கு என்னைத் தெரியாது. அந்தக் காகிதத்தைப் பார்க்கப்போகிறவருக்கும் என்னைத் தெரியாது. ஆனால் பார்ப்பவருக்கு அந்தப் பச்சை மையைத் தெரியும், முத்திரையைத் தெரியும். அது போதும். பிரவுசரும் இப்படித்தான். அதற்குள்ளே முன்கூட்டியே சில கம்பெனிகளின் பெயர்களும் அவற்றின் சாவிகளும் எழுதி வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள ஒருவன் கையெழுத்துப் போட்டிருந்தால் பூட்டை மூடிக் காட்டும், இல்லையென்றால் ஜாக்கிரதை என்று கத்தும். எனக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளவும் வழி இருந்தது. போட்டுப் பார்த்தேன். நன்றாகவே கத்தியது.

காகிதங்களை ஃபாக்ஸ் அனுப்பிய நாலாம் நாள் மின்னஞ்சல் வந்தது. எல்லாம் சரி, கடைசியாகத் தொலைபேசியில் ஒரு விசாரணை, அவ்வளவுதான். ஆனால் நான் கொடுக்கும் நம்பரை அவர்கள் கூப்பிட மாட்டார்கள். டெலிபோன் டைரக்டரியில் அந்த முகவரிக்கு என்ன நம்பர் போட்டிருக்கிறதோ அதைத்தான் கூப்பிடுவார்கள். நியாயம்தான். திருடன் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, ஆமாம் நான்தான் என்று தானே சொல்லிவிடலாமே.

டைரக்டரியில் எங்கள் முகவரிக்கு எதிரே அப்பாவின் பெயர் இருந்தது.

வருஷக் கணக்கில் காத்திருந்து அப்பா வாங்கிய இணைப்பு அது. டைரக்டரியில் மட்டுமா? எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டர் அப்பா பெயருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கரண்ட் அட்டை, ரேஷன் கார்டு, பேப்பர்காரன் ரசீது எல்லாம் அவர் பெயரில்தான். எங்களைப் போன்ற வீடுகளில் ஆள் போன உடனே பெயரை மாற்றிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. ஓடுவதற்குத் தெம்பும் இருக்காது. டைரக்டரியின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, பெயரின் அடியில் கோடு போட்டு, இணைப்பு என் தந்தையின் பெயரில் இருக்கிறது, அலுவலகம் இதே முகவரிதான் என்று எழுதி அனுப்பினேன். தந்தை உயிரோடு இல்லை என்று எழுதவில்லை. மறைக்கவெல்லாம் இல்லை. அதை எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த முட்டாள்தனத்துக்குத்தான் மிச்ச அலைச்சல் முழுவதும்.

நான் விண்ணப்பித்த சான்றிதழ் கம்பெனி அமெரிக்காவில் இல்லை; அவர்கள் ஊரில் அலுவலகம் திறக்கும் நேரம் நமக்கு மத்தியானம். இணையத்துக்கும் பேச்சுக்கும் எங்களிடம் ஒரே லைன்தான். நான் மோடத்தைப் போட்டால் போன் எங்கேஜ்டாகிவிடும். ஆகவே மத்தியானம் லைனைச் சும்மா விட்டுவிட்டு, மெயில் பார்க்க பஸ் பிடித்து அடையாற்றில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போவேன். போன் வந்தால், மகள் வெளியே போயிருக்கிறாள், நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லச் சொல்லி அம்மாவிடம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அம்மா போன் இருந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பாவைக் கேட்டா" என்றாள்.

"யாரு?"

"வெள்ளைக்காரி. பேரைச் சொல்லிக் கேட்டா. இருக்காராங்கற மாதிரி கேக்கறா. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியலை. அவர் இல்லை, ஒன்றரை வருஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். ரொம்ப வருந்தறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டா."

நான் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கையிலேயே இருந்தது. அதில் என் பெயரைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. அப்பா பெயரைக் கேட்டால் என்ன சொல்வது என்று நான் எழுதவில்லை.

மறுநாள் மின்னஞ்சல். இணைப்பின் உரிமையாளர் காலமானதாகத் தெரிகிறது, உயிரோடு இருப்பவர் பெயரில் உள்ள ஒரு தொலைபேசி இணைப்பைக் காட்டவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கார்த்திகை பாதி போய்விட்டது. டெலிபோன் ஆபீசுக்கு ஓடினேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அண்ணனிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம், எல்லாவற்றிலும் பச்சை மை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ். அங்கே வாசலில் பியூன் என் முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவார், "சாரு டீக்குப் போய்க்கீறாரும்மா. நாளிக்கு வா." நாளைக்குப் போனால் சார் லீவு. அதற்கு மறுநாள், விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வருவார் என்றார்கள். அந்த ஆள் வந்து, இவர்தான் மனைவியா, இவள்தான் மகளா என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு போனார். குறைந்தது மூன்று மாதம் ஆகும் என்றும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு மாமா, எங்களை இருபது வருஷமாகத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டார். உலகத்தில் எங்கே போனாலும் நான் நான்தான் என்று இன்னொருத்தர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சான்றிதழ் கம்பெனிக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். கெஞ்சி எழுதினேன் என்றே சொல்லலாம். யாரோ இரக்கமுள்ள ஆள் அங்கே இருந்திருக்க வேண்டும். அந்த முகவரியிலேயே வசிக்கும், என்னைத் தவிர வேறு ஒரு குடும்ப உறுப்பினர் உறுதி செய்தால் போதும் என்று பதில் வந்தது. டைரக்டரியில் உள்ள பெயரை முழுவதும் சொல்ல வேண்டும். அவருக்குத் தான் என்ன உறவு என்று சொல்ல வேண்டும். கம்பெனி அங்கேதான் நடக்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிடுவார்கள். முதல் முறை ஏற்கெனவே கழிந்துவிட்டது. மூன்றாவதும் சரிவராவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் பொங்கல் வந்து போய்விடும்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். இந்த முறை நான் வீட்டை விட்டு நகரவில்லை. இரண்டரை மணிக்கு மணி அடித்தது. அம்மா எடுத்தாள். ஆமாம் என்றாள், மகள் என்றாள், இங்கேதான் நடக்கிறது என்றாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சுவிட்டேன். பிறகு அம்மா பேசவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதே கிடையாது. கூப்பிட 'ஏன்னா', எங்களிடம் 'உங்கப்பா', மற்றவர்களிடம் 'ஆத்துக்காரர்'. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது என்னைத்தான் முன்னால் தள்ளினாள். அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம்; ஒரு தடவைகூட அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. இதை நான் யோசித்திருக்க வேண்டும். சாவி, பூட்டு, கையெழுத்து என்று ராத்திரி பகல் யோசித்தவளுக்கு இது தோன்றவில்லை.

நான் பக்கத்தில் போய் மெதுவாகப் பெயரைச் சொன்னேன், அவள் அதைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று. மறுமுனையில் இருந்த பெண்ணுக்கு என் குரல் கேட்டுவிட்டது. சொல்லிக்கொடுத்துச் சொல்லக் கூடாது, மன்னிக்கவும், இன்னொரு நாள் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு மாத அலைச்சல், தாலுகா ஆபீஸ் வெயில், பாத்திரக்கடைக்காரர் முகம், அண்ணா வீட்டு ஹால், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது.

"ஒரு பேரைச் சொன்னா என்னம்மா குறைஞ்சு போயிடும்?"

"நாக்கு வரலைடி."

"ஆயுசு குறைஞ்சுடும்னுதானே சொல்ல மாட்டே? அவர்தான் போயாச்சே. இனிமே எதைக் குறைக்கப் போறே?"

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பிரயோஜனம். அம்மா ரிசீவரைச் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் பருப்பு வேகவைக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாளும் சாப்பிட வா என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. பம்பாய்க்கே போய்விடலாம், இந்தப் பூட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அண்ணனுக்குச் சொல்லிவிடுவதாகத் தீர்மானித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பேசியபோது அதையும் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாவது அழைப்பு ஒரு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. நான் எடுக்கக் கூடாது, பக்கத்தில் நிற்கவும் பயம். பால்கனியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனவள் போல நின்றுகொண்டேன். அம்மா உள்ளேயிருந்து வந்து, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே எடுத்தாள்.

முதல் கேள்விகள் முடிந்தன. பிறகு அந்த மௌனம். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தேன். ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் நாலைந்து பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். முடிந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அம்மா சொன்னாள். இனிஷியலை விரித்து, தாத்தாவின் பெயரையும் சேர்த்து, அப்பாவின் பெயரை முழுசாகச் சொன்னாள். அவள் குரலில் அந்தப் பெயர் எனக்கு வேறு யாருடைய பெயரோ போல இருந்தது. எழுத்துக்கூட்டச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக, சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முடிந்ததும் கேட்காமலே இன்னொரு தடவை பெயரைச் சொன்னாள். என் கணவர் என்றாள். மத்திய அரசாங்கத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார், சர்க்கரை வியாதி இருந்தது, கடைசியில் ரொம்ப அவதிப்படவில்லை என்றாள். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு? ஆனால் அவள் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நாலு நாளில் சான்றிதழ் வந்தது. மின்னஞ்சலில், தலையும் காலும் புரியாத எழுத்துகளாக இருபது இருபத்தைந்து வரி. அந்த எழுத்துக் குப்பைக்குள் எங்கோ என் கம்பெனியின் பெயரும், என் சாவியும், அவர்களுடைய கையெழுத்தும் இருந்தன. அப்பாவின் பெயர் இல்லை. சர்வரில் ஏற்றினேன். பக்கத்தைத் திறந்தால் மூலையில் பூட்டு மூடியிருந்தது. தி.நகருக்குப் போய்க் காட்டினேன். பாத்திரக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இத்தினியூண்டு இருக்கு" என்றார். பிறகு கடைப்பையனிடம் எனக்குக் காபி சொல்லிவிட்டு, ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். தூக்கம்தான் வந்தது.

பொங்கல் கழிந்து, மாசியில், தாலுகா ஆபீசிலிருந்து வாரிசுச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. டெலிபோன் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்துக்காக அம்மாவிடம் கொடுத்தேன். நான் சொன்னதற்கு அதுவரை மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அன்றைக்குக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. காகிதத்தைத் தூரப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பூட்டு எத்தனை நாள் செல்லும்?" என்றாள்.

"ஒரு வருஷம்தான். அடுத்த மார்கழிக்குப் புதுசு வாங்கணும்."

"மறுபடி கூப்பிடுவாளா?"

"கூப்பிடுவா."

"பேர் கேப்பாளா?"

"இனிமே கஷ்டமில்லைம்மா. போன் உன் பேருக்கு மாறிடும். உன் பேரைத்தான் கேப்பா."

அம்மா பேனாவை மூடினாள். காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்போ மாத்தாதே" என்றாள்.